பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

தென்துருவத் தமிழ் வானலைச் சபைக்குச் செய்மதியில் இடம் கிடைத்த செய்தியை மெல்பேர்ண் தமிழர்கள் ஒரு கலியாண வீட்டில்தான் அறிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, சபைத் தலைவர் குணரத்தினம் எழுந்து மைக்கை வாங்கினார். தாலி கொஞ்ச நேரம் அந்தரத்தில் காத்திருந்தது.

"இண்டையிலிருந்து எங்கட குரல் வானத்திலயிருந்து வரும்" என்றார் அவர். "எங்கட செய்மதி வடக்குப் பக்கம் நிக்குது. வடக்கு எங்களுக்குப் புதிசில்லை. ஆனபடியால் ஒவ்வொரு தமிழ் வீட்டுக் கூரையும் இனி வடக்கைப் பாக்கவேணும்."

செய்மதி சபையுடையது அல்ல. ஏதோ ஒரு நாட்டுக்காரர் மீன்பிடிக் கப்பல்களுக்கு வானிலை சொல்வதற்காக விட்ட பழைய செய்மதி அது. அதன் ஓரத்தில் சபை ஒரு ஒண்டுக் குடித்தனம் பிடித்திருந்தது. காற்று அடிக்கும் நாட்களில் தலைவரின் பேச்சுக்கு நடுவே அலையின் உயரம் எவ்வளவு என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவாள். அன்றைய ஒலிபரப்பில் பிரயோசனமான தகவல் அது ஒன்றுதான் என்று சிலர் சொல்வதுண்டு. சபைக்குக் கேட்காமல்தான் சொல்வார்கள்.

சபையின் வானொலியைக் கேட்க ஒரு பெட்டி வேண்டும். கைத்தொலைபேசியிலும் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்பவர்களைச் சபை நேயர் என்று சொல்லாது, "ஒட்டுக் கேட்போர்" என்று சொல்லும். பெட்டி வாங்கினால்தான் நேயர். பெட்டியில் இரண்டு வகை இருந்தது. வீட்டுப் பெட்டிக்குக் கூரையில் ஒரு தட்டு பூட்டவேண்டும். கார்ப் பெட்டிக்கு ஒரு காந்த ஏரியலை வாகனத்தின் தலையில் ஒட்டிவிட்டால் போதும், மரமோ பாலமோ குறுக்கே வராத வரைக்கும் கேட்கும். இரண்டும் வைத்திருப்பவர் "நிறை நேயர்". நிறை நேயர் வீட்டில் யாராவது செத்தால்தான் அறிவித்தல் இரவுச் செய்திக்கு முன்னால், சோக நாதஸ்வரத்தோடு, முழுதாக வாசிக்கப்படும். மற்றவர்களுடைய சாவு செய்திக்குப் பிறகு ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: "மேலும் சிலரும் காலமாகியுள்ளனர்."

டெஸ்மன்ட் பெட்டி தேடி வந்தது இந்த ஒரு வசனத்துக்குப் பயந்துதான்.

டெஸ்மன்ட் மெல்பேர்ணின் ஓரத்தில், கிரான்பர்னில் வாடகை வீட்டில் இருந்தான். டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்திலிருந்து கடைகளுக்கு அரிசியும் தேங்காய்ப் பாலும் ஏற்றிப் போகும் வான் ஓட்டினான். படகில் வந்தவன். தற்காலிக விசா. ஊருக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள். ஊரில், பூவரசந்துறையில், அவன் அப்பா சவரிமுத்து பாயோடு பாயாகக் கிடந்தார். வள்ளம் தள்ளியும் வலை இழுத்தும் நாலு பிள்ளைகளை வளர்த்த மனிதர். அவர் போகும்போது கிட்ட நிற்க முடியாது என்பது டெஸ்மன்டுக்குத் தெரியும். சவப்பெட்டி தூக்கத் தோள் கொடுக்க முடியாது. ஒரு பிடி மண் போட முடியாது. அவனோடு படகில் வந்த லதீஸின் தாய் ஊரில் இறந்தபோது, அவள் "மேலும் சிலரில்" ஒருத்தியாகப் போனதை அவன் வானுக்குள் இருந்து கைத்தொலைபேசியில் கேட்டான். லதீஸின் வீட்டுக்கு அன்று ஒரு சனமும் வரவில்லை. யார் செத்தது என்றே ஒருவருக்கும் தெரியாது.

"அப்பாவின்ர பேரை முழுசா வாசிக்கவேணும்" என்றான் டெஸ்மன்ட் மனைவி யோசப்பினிடம். "அதை மட்டும்தான் என்னாலை செய்யேலும்."

அம்மாவிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டான். "உலகம் முழுக்கக் கேக்கும் அம்மா. நீங்களும் திரேசான்ர போன்ல கேக்கலாம்." அம்மா அழுதாள். பெருமையில்தான் அழுதாள்.

பெட்டி வாங்குவதென்றால் கடைக்குப் போய் வாங்க முடியாது. முதலில் "செவிமடுத்தல் ஒழுக்கம்" பற்றிய அறிமுகக் கூட்டத்துக்குப் போகவேண்டும். டெஸ்மன்ட் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனான். மண்டபத்தில் ஒரு மேசையில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து, பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் விதிகள் வாசிக்கப்பட்டன. சபைக் கீதம் ஒலிக்கும்போது வீட்டில் உள்ளோர் எழுந்து நிற்கவேண்டும். வாகனம் ஓட்டுவோர் மனதால் எழுந்து நிற்கவேண்டும். தலைவர் பேசும்போது சத்தத்தைக் குறைக்கக் கூடாது. கூட்ட விரும்புவோருக்குத் தடையில்லை.

பிறகு தலைவர் பேசினார்.

"எங்கட சபையில சாதி எண்ட பேச்சே இல்லை. அதைக் கேக்கிறதே அநாகரிகம். நாங்கள் ஊரை மட்டும்தான் கேக்கிறம். ஊரைச் சொன்னால் எவடம் எண்டு கேப்பம். எவடம் எண்டு சொன்னால் எந்தக் கோயிலடி எண்டு கேப்பம். அதுக்கு மேல ஒரு சொல்லுக் கேக்கமாட்டம். கேக்கத் தேவையும் வாறேல்லை."

மண்டபம் கைதட்டியது. டெஸ்மன்டும் தட்டினான். தட்டிய கையைப் பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் மடிக்குள் வைத்துக்கொண்டான்.

எங்கள் ஆட்களுக்கு "எவடம்" என்பது எந்த இடம் என்று கேட்கும் சாதாரணச் சொல் அல்ல. அது ஒரு சாவி. மூன்று கேள்விக்குள் ஒருவனைத் திறந்து பார்த்து, எந்தக் கதிரையில் இருத்துவது, வாசலோடு அனுப்புவதா குசினி வரைக்கும் விடுவதா என்று முடிவு கட்டிவிடலாம். டெஸ்மன்ட் அந்தச் சொல்லை வாழ்க்கையில் பலமுறை கேட்டவன். ஒவ்வொரு முறையும் பதில் சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் சிரிப்பு ஒரு சுற்றுச் சிறுத்துப் போவதைப் பார்த்தவன்.

அந்தச் சனிக்கிழமை, தட்டுப் பூட்டுகிற சிறி ஏணியோடு வந்தான். நல்ல பெடியன், கொழும்பில் வளர்ந்தவன், இந்தச் சாவி விளையாட்டு ஒன்றும் தெரியாது. ஏணியைத் தோளில் வைத்தபடி வாசலில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"அண்ணை, எவடம்?"

டெஸ்மன்டுக்கு அந்தச் சாவிதான் காதில் விழுந்தது. தட்டு இன்னும் ஏணிக்கே வரவில்லை, அதற்குள் கேட்டுவிட்டார்கள். பூவரசந்துறை என்றால் ஏணியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்களோ? அப்பாவின் பெயர் "மேலும் சிலருக்குள்" போய்விடுமோ? கூட்டத்தில் தலைவரின் ஊர் என்று காதில் விழுந்த பெயர்தான் வாயில் வந்தது.

"நெல்லிவளவு" என்றான்.

சிறி ஏணியை இறக்கி வைத்தான். "அதில்லை அண்ணை. தட்டை எவடத்தில பூட்டுறது? கூரையிலயோ, கராஜுக்கு மேலயோ?"

அந்த இடத்திலேயே "பிழையாச் சொல்லிட்டன் தம்பி" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் பிழையாகச் சொன்னாய் என்றால் என்ன சொல்வது? டெஸ்மன்ட் கராஜைக் காட்டினான். சிறி கராஜுக்கு மேலே ஏறி, வடக்கைப் பார்த்துத் தட்டைப் பூட்டி, அரிசி வானின் தலையில் காந்த ஏரியலை ஒட்டி, இரண்டு பெட்டியிலும் தலைவரின் குரல் வருகிறதா என்று சோதித்துவிட்டுப் போனான். போகிற வழியில், ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, தலைவருக்கு அழைத்து, "ஐயா, கிரான்பர்னில உங்கட ஊராக்கள் ஒரு குடும்பம் இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த நாளே குணரத்தினம் மாம்பழப் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே வந்து, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

"ஓ, வேதக்காரரோ?" என்றார் தலைவர். பிறகு தானே யோசித்து, தானே விளங்கிக்கொண்டார். "வெள்ளைக்காரன்ர காலத்தில உத்தியோகத்துக்காக மாறின குடும்பமாக்கும். எங்கட ஊரில அப்பிடி ரெண்டு மூண்டு நல்ல குடும்பம் இருந்தது. பிழையில்லை. வேதத்துக்கு மாறினதுதானே, மற்றது மாறேல்லைத்தானே?"

இந்த வசனத்தின் பொருள் டெஸ்மன்டுக்கு விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினான்.

"டெஸ்மன்ட் எண்டது பள்ளிக்கூடப் பேராயிருக்கும். வீட்டில தேவன் எண்டுதானே கூப்பிடுறவை? நான் தேவன் எண்டே கூப்பிடுறன்."

அவன் பொய் சொல்ல வாய் திறக்கவே தேவையிருக்கவில்லை. எல்லாப் பொய்யையும் தலைவரே சொல்லி, தலைவரே நம்பி, அவன் கையில் மாம்பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு யோசப்பின் ஒரு மாம்பழத்தையும் தொடவில்லை.

"ஆரப்பா அந்தத் தேவன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பாவின்ர அலுவல் முடியுமட்டும்தான்" என்றான் டெஸ்மன்ட்.

அப்பா இன்னும் உயிரோடு இருந்தார். அவரை ஒரு அலுவல் என்று சொல்லிவிட்டது காதில் விழுந்ததும் அவனுக்கே முகம் எரிந்தது.

அதன் பிறகு மரியாதை ஒரு தொல்லையாக வளர்ந்தது. நெல்லிவளவு மக்கள் ஒன்றியத்தில் அவனைச் சேர்த்தார்கள். யோசப்பினின் பிறந்தநாளுக்கு "தேவனின் இல்லத்தரசி" என்று வானலையில் வாழ்த்து வந்தது, அவளுடைய பெயர் வரவில்லை. கூட்டங்களில் அவனுக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது. லதீஸ் பின்வரிசையில் இருந்து ஒரு நாள் கையசைத்தான். டெஸ்மன்ட் கண்டும் காணாதவன்போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லதீஸுக்குப் பூவரசந்துறை தெரியும்.

கடைசியில் "மண்ணும் மனமும்" நிகழ்ச்சிக்கு அவனை அழைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு நேயர் தன் ஊரைப் பற்றிப் பேசுவார், தலைவர் திருத்துவார். டெஸ்மன்ட் மறுத்துப் பார்த்தான், நடக்கவில்லை. நெல்லிவளவைப் பற்றிக் கூகுள் வரைபடத்தில் தேடினான். வயலும் ஒரு குளமும் தெரிந்தன. அவற்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஒப்பேற்றினான். அப்போது தலைவர், "விடியக் காலமை எழும்பினால் முதல்ல என்ன ஞாபகம் வரும் தம்பி?" என்று கேட்டார்.

பொய் களைத்துப்போன ஒரு நொடி அது. "கடல் சத்தம் ஐயா" என்றான் டெஸ்மன்ட்.

நெல்லிவளவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் எடுத்துப் போகவேண்டும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நேயர்களே, தேவன் இங்க கடல் எண்டு சொன்னது கவித்துவமாய். எங்கட வயல் காத்துக்கு அசையேக்கை கடல் மாதிரித்தான் இரையும். உண்மையான கடலுக்கும் எங்கட ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடலோடை தொடர்புள்ள ஆக்களோடையும் நாங்கள் பெரிசாத் தொடர்பு வைச்சுக்கொள்ளுறேல்லை. இதை நான் சாதி பாத்துச் சொல்லேல்லை, பூகோளத்தைப் பாத்துச் சொல்லுறன்."

டெஸ்மன்ட் சிரித்தான். சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் செய்மதி வரைக்கும் போய்விட்டு வந்து, கிரான்பர்னில் குசினிக்குள் இருந்த பெட்டியில் கேட்டது. வீட்டுக்கு வந்தபோது பெட்டி நிறுத்தியிருந்தது.

"உங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கடல்" என்றாள் யோசப்பின். "அவர் சொல்லச் சொல்ல நீங்கள் சிரிக்கிறியள். எனக்கு வெக்கமாயிருக்கு."

அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. நாளைக்கே தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றான். நாளைக்கு வேலை இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒன்றியத்தின் இரவு விருந்து இருந்தது. அப்படியே நாள் போனது.

அப்பா ஒரு புதன்கிழமை போய்விட்டார். தங்கை திரேசா அழைத்தபோது டெஸ்மன்ட் டண்டினொங்கில் வானுக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்தான். வானை ஓரமாக விட்டுவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து அழுதான். வெள்ளிக்கிழமை அடக்கம் என்றாள் திரேசா. மெல்பேர்ணில் இரவுச் செய்தி நேரம் ஊரில் பின்னேரம். "றேடியோவில கேட்டுட்டுத்தான் தூக்குவம் அண்ணா. செத்தவீட்டு லவுட்ஸ்பீக்கரில என்ர போனைப் பூட்டுறன். சனமெல்லாம் கேக்கட்டும்."

இப்போதாவது உண்மையைச் சொல்லவேண்டும் என்று டெஸ்மன்ட் நினைத்தான். மரண அறிவித்தல் வாசிக்கும் நிரஞ்சலா அன்ரிக்கு அழைத்தான்.

"அன்ரி, அப்பா மோசம் போட்டார்."

"ஐயோ தம்பி! பேர் என்ன?"

"சவரிமுத்து."

"சவரிமுத்து எண்டால் எங்கட உச்சரிப்புக் குழு விடாது தம்பி. ஊர்ச் சனமும் ஒரு மாதிரி நினைக்கும். முத்து இருக்குத்தானே, அதோடை பிள்ளையைச் சேத்து முத்துப்பிள்ளை எண்டு போடுறன். கேக்கவும் மரியாதையாயிருக்கும். நெல்லிவளவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, அப்பிடித்தானே?"

"அன்ரி, பிறப்பிடத்தை விடேலாதோ? பேரை மட்டும் வாசியுங்கோவன், முழுப் பேரையும்."

"விடேலாது தம்பி. பிறப்பிடம் இல்லாத பிரேதத்தைச் சபை வாசிக்கிறேல்லை. வேணுமெண்டால் செய்திக்குப் பிறகு, மேலும் சிலரோடை போடலாம். ஏன் தம்பி, அப்பா வேற எங்கயும் பிறந்தவரோ?"

இவ்வளவு நேராக, இவ்வளவு இலகுவாக, உலகத்தில் யாரும் அவனை அந்தக் கேள்வி கேட்டதில்லை. சாவியை அவன் கையிலேயே கொடுத்திருந்தாள். ஒரு சொல் போதும்.

தொலைபேசியின் அந்தப் பக்கம் தலைவரின் குரலும் கேட்டது. "தேவனோ? சொல்லுங்கோ, நான் ஊராக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. எங்கட ஊர்ப் பிரேதம், நாங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணும்."

"இல்லை அன்ரி" என்றான் டெஸ்மன்ட். "நெல்லிவளவுதான்."

வெள்ளிக்கிழமை இரவு கிரான்பர்னில் தெரு முழுக்கக் கார். லதீஸின் வீட்டுக்கு வராத சனம் எல்லாம் டெஸ்மன்டின் வீட்டுக்கு வந்திருந்தது. ஒன்றியத்துக்காரர் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். அதில் "நெல்லிவளவின் மைந்தன்" என்று எழுதியிருந்தது. அதை வைக்கப் பிரேதம் இல்லாததால் வானொலிப் பெட்டிக்கு மேல் சாத்தி வைத்தார்கள். யோசப்பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனமுடைந்துவிட்டாள் பாவம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தலைவர் பெட்டிக்கு நேர் எதிரே கதிரை போட்டு இருந்தார்.

நாதஸ்வரம் அழுதது. நிரஞ்சலா அன்ரியின் குரல் தழுதழுத்தது. நெல்லிவளவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் முத்துப்பிள்ளை அவர்கள் காலமானார். அன்னார் மெல்பேர்ணைச் சேர்ந்த தேவனின் பாசமிகு தந்தையாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். தலைவர் கண்ணைத் துடைத்தார். "என்ன மாதிரி வாசிச்சா பாத்தியளே. மனிசன் குடுத்து வைச்சவர்" என்றார்.

செய்தி முடிகிற நேரம் டெஸ்மன்டின் கைத்தொலைபேசி அடித்தது. திரேசா. வெளியே போகலாம் என்று எழுந்தான். தலைவர் பாசத்தோடு அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"ஊரிலயிருந்தோ தம்பி? கதையும், கதையும்."

அவன் போனைக் காதோடு அழுத்தினான். அந்தப் பக்கம் சனத்தின் இரைச்சல், அதற்குப் பின்னால் கடல்.

"அண்ணா, ஆரோ முத்துப்பிள்ளை எண்டு ஒரு ஆளை வாசிச்சாங்கள்" என்றாள் திரேசா. "ஆற்றையோ செத்தவீடு, பாவம். எங்கட அப்பாவின்ர எப்ப வரும்? அம்மா லவுட்ஸ்பீக்கருக்குக் கீழ போய் இருக்கிறா, கூப்பிடக் கூப்பிட எழும்புறாவில்லை. இருட்ட முதல் எடுக்கவேணும் எண்டு பாதர் சொல்லுறார். எடுக்கட்டோ, இன்னும் கொஞ்சம் பாக்கட்டோ?"

தலைவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் செய்தி முடிந்து, மேலும் சிலரும் காலமாகியுள்ளனர் என்ற வசனம் போனது.

"கொஞ்சம் பாருங்கோ" என்றான் டெஸ்மன்ட். "இப்ப வரும்."

"சரி அண்ணா, பாக்கிறம்" என்றாள் திரேசா.